சீரமைத்த பிலிம் ஸ்கேனர் வாங்குகிறீர்களா? முன்னோட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பிலிம் நெகட்டிவைக் கணினிப் படமாக்கித் தரும் கருவிதான் பிலிம் ஸ்கேனர். ஆறு மாதச் சம்பளத்தைக் கொட்டி நான் வாங்கியது இன்று மறுபடியும் பாதிப் படத்தில் நின்றுவிட்டது. நெகட்டிவ் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விற்றது, பழைய புகைப்படக் கருவிகளைச் சீரமைத்து விற்கும் ஓர் இணையக் கடை. இந்த ஸ்கேனரின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. சீரமைத்ததைத் தவிர வேறு வழியில்லை. காணொளி அழைப்பில் கடைக்காரர் மேல்மூடியைக் கழற்றியே காட்டினார். பிலிமைச் சுமந்து நகரும் சட்டத்துக்கு அடியில், அது ஓடும் கம்பியில் புதுக் கிரீஸ் பளபளத்தது. "காய்ந்துபோன கிரீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறேன் சார். இனி நீங்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்" என்றார். பிறகு ஒரு நெகட்டிவைச் செருகி முன்னோட்டம் ஓட்டினார். சத்தமே இல்லை, படமும் தெளிவு. இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவரிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? அன்றே பணத்தை அனுப்பினேன்.

சூதே அந்த முன்னோட்டத்தில்தான் இருந்தது. குறைந்த தெளிவில் ஓடுவதால் மோட்டார் பெரிய பெரிய அடிகளாகத் தாவிப் போய்விடும். அங்குலத்துக்கு 4000 புள்ளிகள் என்று முழுத் தெளிவில் வைத்தால், படத்தின் ஒவ்வொரு வரிக்கும் சட்டம் 0.00635 மில்லிமீட்டர்தான் நகர வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பல்சக்கரத்தில் துளி தேய்மானம் இருந்தாலும் அங்கே பல்லிளித்துவிடும். இளித்தது. சுவரில் சாய்த்து வைத்த ஏணியின் படம் ஒன்று. ஏணி நடுவில் முறிந்து, அரை அங்குலம் தள்ளி மறுபடி தொடங்கியதுபோல் வந்தது. கருவி சூடேறியதும் "கடக், கடக்" என்று சத்தம், பிறகு பிழைச்செய்தி, பிறகு அசைவே இல்லை.

கேட்டால் முதலில் மென்பொருள் மேல் பழி. பிறகு கேபிள். பிறகு என் மேசை ஆடுகிறதாம். பிலிம் வளைந்திருக்கிறதாம். தூசி நீக்கும் வசதியை அணைத்துப் பாருங்கள் என்று ஒரு மகா யோசனை வேறு. நான் அனுப்பிய மாதிரிப் படமோ கறுப்பு வெள்ளை. தூசியை அகச்சிவப்பு ஒளியால்தான் அது கண்டுபிடிக்கும்; அந்தப் பிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறிப்பதால் அந்த வசதியை அதற்கு யாரும் போடுவதே இல்லை. சீரமைப்பவருக்கு இதுகூடத் தெரியவில்லை!

திருப்பி அனுப்பினேன். "எங்களிடம் நன்றாக ஓடுகிறது" என்ற ஒரு வரிச் சீட்டோடு திரும்பி வந்தது. நகரும் சட்டத்தைப் பூட்டாமலேயே பொதி கட்டியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே ஏதோ உருண்டது. அதன்பின் ஓட்டிய முதல் நெகட்டிவிலேயே, மங்கலான பக்கத்தில், நீளவாக்கில் ஒரு கீறல். படச்சாயம் இருக்கும் பக்கம் அது. கீறல் கீறல்தான், இனி போகாது. உத்தரவாதம் என்னாயிற்று என்றால், "நகரும் பாகங்களுக்குப் பொருந்தாது" என்று பதில். ஸ்கேனரில் பழுதாவதே நகரும் பாகங்கள்தானே ஐயா! ஆறு மாதச் சம்பளம் வாங்கும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது என் எண்ணைப் பார்த்தாலே அழைப்பைத் துண்டிக்கிறார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னோட்டத்தை நம்பாதீர்கள். முழுத் தெளிவில் ஒரு சுருள் முழுவதையும் இடைவிடாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சூடேறிய பிறகு வரும் கடைசிப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மோட்டார், பல்சக்கரம், பெல்ட் இவற்றுக்கு உத்தரவாதம் உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். வந்ததும் நல்ல நெகட்டிவை உள்ளே விடாதீர்கள். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற துண்டு ஒன்றை விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.