வாட்ஸ்அப்புக்கு வரவழைக்கும் விளம்பரமா, வெப்சைட்டுக்கு அனுப்பும் விளம்பரமா? சிறு தொழிலுக்கு எது விற்றுக் கொடுக்கிறது

ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்து அனுப்புவது எங்கள் தொழில். தைக்க இரண்டு பேர், மற்ற வேலைகளுக்கு நானும் என் தங்கையும். விளம்பரத்துக்கென்று தனி ஆள் கிடையாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு வழிகளை முயன்றோம். கடைசியில் ஒன்றில் நின்றுவிட்டோம்: விளம்பரத்தைத் தொட்டால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கிற வகை. எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே படியுங்கள்.

பூஸ்ட் பட்டனை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பதிவுக்குக் கீழேயே இருக்கும், இரண்டு தட்டில் விளம்பரம் ஓடும், லைக் குவியும். எங்களுக்கும் குவிந்தது. ஆர்டர் வரவில்லை. காரணம் எளிது. பூஸ்ட் செய்யும்போது நாங்கள் லைக்கையும் கமென்ட்டையும்தான் இலக்காக விட்டிருந்தோம், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் அதைத்தான் தேடிக் கொடுத்தது. கேட்டதைக் கொடுக்கிற இயந்திரம் அது. லைக் கேட்டால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்துக் காட்டும். விளம்பரங்களை அமைக்க மெட்டா தரும் ஆட்ஸ் மேனேஜருக்குள் போனால் ஆறு நோக்கங்கள் இருக்கின்றன: அவேர்னஸ் (பெயர் பரவ), ட்ராஃபிக் (வெப்சைட்டுக்கு ஆள் வர), எங்கேஜ்மென்ட் (லைக், கமென்ட், மெசேஜ்), லீட்ஸ் (விசாரிப்பவர்களின் விவரம்), ஆப் ப்ரமோஷன், சேல்ஸ். நோக்கத்தை அங்கே போய்த் தெரிந்து தேர்ந்தெடுத்த பிறகுதான் விற்பனை என்ற பேச்சே ஆரம்பிக்கிறது.

லீட் ஃபார்ம் என்பது விளம்பரத்துக்குள்ளேயே திறக்கும் படிவம். பெயரும் ஃபோன் எண்ணும் அவர்கள் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பி வரும், ‘சப்மிட்’ தட்டினால் போதும். அந்த வசதியே அதன் பலவீனமாகவும் ஆகிவிடுகிறது. மறுநாள் கூப்பிட்டால், “எந்தத் திரைச்சீலை? நான் எதுவும் கேட்கவில்லையே” என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மறந்திருப்பார்கள். அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் ‘ஹையர் இன்டென்ட்’ வகைக்கு மாற்றியதும் எண்ணிக்கை குறைந்தது, பேச்சு கொஞ்சம் உருப்படியானது. ஆனால் நாங்கள் இதை மூன்று வாரம்தான் ஓட்டினோம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஃபோனில் பேசியே வியாபாரம் முடிக்கும் தொழில் என்றால், நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால், நீங்களே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

வெப்சைட்டுக்கு அனுப்புவது

இதன் பலம் பெரியது, குறைத்துச் சொல்ல மாட்டேன். நாம் தூங்கும்போதும் கடை திறந்திருக்கும். விலை அங்கேயே இருக்கிறது, படம் இருக்கிறது, பணமும் அங்கேயே கட்டலாம். யாரும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டாம். வெப்சைட்டில் பிக்ஸல் என்ற சிறு நிரலைப் பதித்துவிட்டால், யார் பார்த்தார்கள், யார் வாங்கும் வண்டியில் (கார்ட்டில்) போட்டார்கள், யார் வாங்கினார்கள் என்ற தகவல் விளம்பரத்துக்குத் திரும்பிப் போகும். வாங்கியவர்களைப் போன்றவர்களை அது தேட ஆரம்பிக்கும்.

சிக்கல் அந்தத் தேடலுக்கு வேண்டிய தீனியில் இருக்கிறது. ஒரு விளம்பரத் தொகுப்பு கற்றுக்கொண்டு நிலைபெற, வாரத்துக்குச் சுமார் 50 விற்பனைகளாவது தேவை என்பது மெட்டா சொல்லும் கணக்கு. வாரத்துக்கு ஐந்தாறு ஆர்டர் எடுக்கும் தொழிலுக்கு அது எட்டாத உயரம். அதனால் விற்பனைக்குப் பதிலாக ‘வண்டியில் போட்டவர்கள்’ என்று இலக்கைத் தாழ்த்துவோம். பிறகு வண்டியில் போடுபவர்களாகவே வந்து கொண்டிருப்பார்கள். இணையக் கடைகளில் நிரப்பப்படும் வண்டிகளில் சுமார் 70 சதவீதம் பணம் கட்டாமலேயே கைவிடப்படுகின்றன என்பது பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் திரட்டிச் சொல்லும் சராசரி. எங்கள் கடையில் இன்னும் மோசம்.

2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்த பிறகு இன்னொரு மாற்றமும் நடந்தது. மற்ற ஆப்களிலும் வெப்சைட்களிலும் நாம் செய்வதைப் பின்தொடரலாமா என்று ஐபோனில் ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும் என்றானது. பலர் மறுத்துவிட, பிக்ஸலின் பார்வை மங்கியது. சர்வரிலிருந்து நேராகத் தகவல் அனுப்பும் கன்வர்ஷன்ஸ் ஏபிஐ அந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்கிறது. சிறிய கடைக்கு அதை அமைத்துத் தர ஒருவரைத் தேட வேண்டும், பிறகு பராமரிக்கவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். எங்களை வீழ்த்தியது அளவுப் பெட்டி. ‘உயரம்’, ‘அகலம்’ என்று இரண்டு கட்டங்கள் வைத்திருந்தோம். திரையை எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று படம் போட்டும் விளக்கியிருந்தோம். ஒரு நாள் வந்த ஆர்டரில் உயரம் என்ற இடத்தில் வெறும் ‘5’ என்று இருந்தது. அடியா, கம்பியிலிருந்தா, கண்ணாடிக்கு மேல் விளிம்பிலிருந்தா, எதுவும் தெரியாது. எப்படியும் ஃபோன் செய்து கேட்கத்தான் வேண்டியிருந்தது. பேசாமலே விற்கத்தான் வெப்சைட், அந்த ஒரு பெட்டியால் ஒவ்வொரு ஆர்டருக்கும் பேச வேண்டியதாயிற்று. பேசப் பயந்தவர்கள் அந்தப் பெட்டியோடே திரும்பிப் போயிருப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வாட்ஸ்அப்புக்கு வரவழைப்பது

இதற்கு மாறிய இரண்டாம் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்தரை மணி இருக்கும். ஓர் அம்மா ஜன்னலை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். ஜன்னல் மேல் இன்ச் டேப் தொங்குகிறது, ஆனால் மரச்சட்டத்தின் மேல் விளிம்பில் தொடங்குகிறது. கம்பியோ அதற்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அதே ஃபோட்டோவில் கம்பியிலிருந்து தரைக்குச் சிவப்பில் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்பினேன். “ஓ, இப்படியா!” என்று ஒரு பதில். ஐந்து நிமிடத்தில் அடுத்த ஃபோட்டோ வந்தது. இந்த முறை டேப் கம்பியில் இருந்தது, கீழ்முனையை ஒரு சின்னக் கை தரையில் அழுத்திப் பிடித்திருந்தது. அன்றிரவே அட்வான்ஸ் வந்துவிட்டது. எத்தனை நல்ல வெப்சைட்டாக இருந்தாலும் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டிருக்காது.

இதிலும் ஆரம்பம் அழகாக இல்லை. நிறையப் பேர் வந்தார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் தானாக நிரம்பி நிற்கும் முதல் வரியை அனுப்பிவிட்டுக் காணாமல் போனார்கள். விரல் தவறிப் பட்டவர்களும் அதில் உண்டு. மூன்று மாற்றங்கள் உதவின. விலை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை விளம்பரப் படத்திலேயே எழுதினோம். விலைக்காக மட்டும் வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ‘அளவெடுத்துத்தான் தைப்போம், பத்து நாள் ஆகும்’ என்பதையும் சேர்த்தோம். அப்புறம், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முதல் வரியை வேறு வேறாக எழுதி வைத்தோம்: ஒன்றுக்கு ‘நீலத் திரை பற்றிக் கேட்க வந்தேன்’, இன்னொன்றுக்கு ‘படுக்கையறைக்கு இருட்டுத் திரை வேண்டும்’. யார் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் ஆட்ஸ் மேனேஜர் இதில் மெசேஜைத்தான் எண்ணிக் காட்டும். உரையாடலுக்குள் நடந்த விற்பனை அதற்குத் தானாகத் தெரியாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரே செலவில் முதல் விளம்பரம் 60 மெசேஜ் கொண்டுவருகிறது, இரண்டாவது 25. ஆட்ஸ் மேனேஜரில் பார்த்தால் முதலாவதுதான் மலிவு. ஆனால் 60 பேரில் இரண்டு பேர் வாங்கி, 25 பேரில் நான்கு பேர் வாங்கினால், இரண்டாவதில் ஓர் ஆர்டருக்கான செலவு சரிபாதி. இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் பல வாரம் மலிவான விளம்பரத்துக்கே பணத்தை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

எதை வைத்து முடிவு செய்வது

இந்த இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பட்ஜெட், டிசைன், எந்தத் தளம் என்று பல பதில்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒன்றே ஒன்றுதான் தீர்மானிக்கிறது: பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா, எத்தனை நிமிடத்தில் சொல்வார்.

2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஓர் ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. அமெரிக்காவில் 2,241 நிறுவனங்களுக்கு இணையம் வழியாக விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். 23 சதவீதம் பதிலே சொல்லவில்லை. முப்பது நாளுக்குள் பதில் சொன்னவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 42 மணி. அதே கட்டுரை சொல்லும் வேறோர் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, உருப்படியான பேச்சு அமையும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது. அது மின்னஞ்சல் காலத்துக் கணக்கு. இன்றைக்கு ரீல்ஸ் தள்ளிக்கொண்டே வருகிறவர் கொஞ்ச நேரத்தில் வேறு நான்கு கடைகளைப் பார்த்திருப்பார்.

எங்கள் நோட்டில் மூன்று பத்திகள்தான்: கேட்ட நேரம், பதில் சொன்ன நேரம், முடிந்ததா. இரண்டு வாரம் எழுதிவிட்டுத் திருப்பிப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை வந்தவர்களில் கிட்டத்தட்ட யாருமே வாங்கவில்லை. அந்த நேரத்தில் நானும் தங்கையும் பார்சல் கட்டிக்கொண்டிருப்போம், ஃபோன் மேசையில் கிடக்கும். விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு, வாசலில் யாரும் இல்லாமல் விட்டிருந்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் செய்தோம். விளம்பரம் ஓடும் மொத்த நாட்களுக்கும் சேர்த்து ஒரே பட்ஜெட் வைத்தால், எந்த நேரத்தில் விளம்பரம் ஓட வேண்டும் என்று குறித்துவிடலாம். நாங்கள் உட்காரும் நேரத்துக்கு மட்டும் ஓட்டினோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரே எண்ணை ஃபோனைத் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம் என்பதால், தங்கையின் கணினியிலும் திறந்து வைத்து முறை வைத்துக்கொண்டோம். தானாகப் போகும் வரவேற்புச் செய்தி உதவும், ஆனால் அது பதில் ஆகாது. ‘விரைவில் தொடர்புகொள்வோம்’ என்ற வரிக்குப் பிறகு அரை மணி மௌனம் இருந்தால் வெறுப்புதான் வரும். எங்கள் வரவேற்புச் செய்தி ஒரு கேள்வியோடு முடியும்: ‘ஜன்னல் ஃபோட்டோ ஒன்று அனுப்புகிறீர்களா?’ அனுப்பியவர்களை முதலில் கவனிப்போம்.

பதில் சொல்லும் இந்த வேலையின் மறுபாதி, முதல் நாள் முடியாத பேச்சை மீண்டும் எடுப்பது. ‘புதியவர்’, ‘அளவு வந்தது’, ‘விலை சொன்னோம்’, ‘அட்வான்ஸ்’, ‘அனுப்பியாயிற்று’ என்று லேபிள்கள் வைத்திருக்கிறோம். ‘விலை சொன்னோம்’ என்பதில் மூன்று நாள் நிற்பவருக்கு ஒரு மெசேஜ் போகும். “வாங்குகிறீர்களா?” என்று கேட்டால் பதில் வராது. அவர் கேட்ட துணியைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலில் பிடித்து எடுத்த ஃபோட்டோ அனுப்பினால் பலர் பேசுகிறார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வாரக் கடைசியில் ஒரு முறை, அவ்வளவுதான். அதற்கு மேல் தொந்தரவு செய்தால் பிளாக் செய்வார்கள், நிறையப் பேர் அப்படிச் செய்தால் எண்ணுக்கே ஆபத்து. ஏபிஐ வழியாக, அதாவது வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைத்து, பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வாடிக்கையாளரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரம் தாண்டினால் முன்கூட்டியே அனுமதி பெற்ற டெம்ப்ளேட் செய்தியைத்தான் அனுப்ப முடியும். சாதாரண பிசினஸ் ஆப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

இந்த உழைப்புக்கும் விலை உண்டு. எங்களுக்கு ஓர் ஆர்டர் முடிய இருபது, இருபத்தைந்து மெசேஜ் ஆகும். ஒரு திரைச்சீலை ஆர்டரில் அதைத் தாங்கும் லாபம் இருக்கிறது. ஒரே அளவு, ஒரே விலை, கையில் கொஞ்சம்தான் நிற்கும் என்ற பொருளை விற்பவர் இப்படிப் பேசி மாளாது. அவருக்கு வெப்சைட்தான் சரி, வாரத்துக்கு 50 விற்பனை என்ற அளவை அவர் எட்டவும் கூடும். பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் தொழிலைக் கவனிப்பவருக்கும் வாட்ஸ்அப் விளம்பரத்தை இரவு நேரத்துக்கு மட்டும்தான் சிபாரிசு செய்வேன். பெரிய பட்ஜெட்டில் இதே வழி எப்படி நடக்கும் என்பதற்கு எங்கள் அனுபவம் போதாது. ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு மேல் வந்த நாட்களில் நாங்கள் திணறினோம் என்பது மட்டும் உண்மை.

வெப்சைட்டை மூடிவிடவில்லை. பெரும்பாலான கதவுகளுக்குப் பொருந்தும் இரண்டு அளவுகளை மட்டும் தனியே தைத்து அங்கே வைத்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் அளவுப் பெட்டியே கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை வாங்கியவர்கள் அடுத்த அறைக்கு வாங்க வரும்போது அந்த இணைப்பை அனுப்புகிறோம். பிக்ஸல் அங்கே மெதுவாகத் தகவல் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு அளவுகளுக்கு மட்டும் அடுத்த மாதம் வெப்சைட் விளம்பரத்தை மறுபடி ஓட்டப் போகிறோம். நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று.