மாட்டு வெக்கை நோய்: ஆப்பிரிக்கா பார்த்த இரண்டு வழிகள்

ரிண்டர்பெஸ்ட் எனும் மாட்டு வெக்கை நோயை ஒழிக்க ஆப்பிரிக்கா இரண்டு விதமாக முயன்றது.

முதலாவது ஜே.பி.15 எனும் பல நாடுகளின் கூட்டுத் தடுப்பூசித் திட்டம். 1962 முதல் 1976 வரை அரசுக் குழுக்கள் நாடு நாடாகப் போய் மாடுகளுக்கு ஊசி போட்டன. நோய் வேகமாகக் குறைந்தது. அத்தோடு அக்கறையும் குறைந்ததுதான் வினை. ஒதுக்குப்புறங்களில் தங்கியிருந்த கிருமி 1980களில் மறுபடி கிளம்பி, நைஜீரியா உள்படப் பல நாடுகளில் மந்தைகளை வாரிச் சுருட்டியது. அந்தத் தடுப்பூசிக்குக் குளிர்ச்சி வேண்டும். பாலைவெளியில் ஐஸ்பெட்டிக்கு எங்கே போவது?

இரண்டாவது வழி 1980களின் பிற்பகுதியில் தொடங்கியது. கால்நடை மருத்துவர் ஜெஃப்ரி மரினர் உருவாக்கிய வெப்பம் தாங்கும் தடுப்பூசி குளிர்பெட்டி இல்லாமலே சுமார் ஒரு மாதம் தாங்கும். அப்புறம், ஊசி போட்டவர்களும் மேய்ப்பர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பழக்கிய ஆட்கள்தான். உகாண்டாவின் கரமோஜா, எத்தியோப்பியாவின் அஃபார், தெற்கு சூடான் என அரசு வண்டி எட்டாத, சண்டை நடந்த இடங்களுக்கும் அவர்கள் நடந்தே போனார்கள். எந்த மந்தை எங்கே மேய்கிறது, எதற்கு நோய் கண்டிருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

வேகத்தில் முதல் வழியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசி மூலைவரை போனது இரண்டாவதுதான். 2001இல் கென்யாவில் காட்டெருமைகளிடம் கடைசியாகத் தென்பட்ட நோய், 2011இல் உலகளவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.