செவ்வாய் மாலை ஆறரை மணி: பால்டிமோர் சபை ஒன்றின் போதை மீட்புக் கூட்டம்

அமெரிக்காவின் மேற்கு பால்டிமோரில் கறுப்பினத்தவரின் கிறிஸ்தவ சபை ஒன்று, தன் ஆலயத்தின் அடித்தளக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறரை மணிக்கு, ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைமருந்து) பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக ஒரு கூட்டம் நடத்திவருகிறது. அதில் தொடர்ந்து ஆறு வாரங்கள் உட்கார்ந்து பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வருகிறவர்கள் விஷயம் வெளியே போகாது என்று நம்பி வருவதால், சபையின் பெயரையும் தெருவையும் குறிப்பிடவில்லை. நான் இந்த நகரில் மருந்தாளராகப் பணிபுரிகிறவன். ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. இந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரெனோர்ஃபின் வாங்க எங்கள் கடைக்கு மாதந்தோறும் வரும் முதியவர் ஒருவர், "மருந்து எடுத்துக்கொள்கிறவனை அங்கே சேர்த்துக்கொள்வார்களா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கூட்டம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடக்கிறது. ஒரு பாட்டு, ஒரு சிறு ஜெபம், அதன்பின் சாட்சி சொல்ல, அதாவது தாம் மீண்ட கதையை எழுந்து சொல்ல, விரும்புகிறவர்களுக்கு அரை மணி நேரம், அதன்பின் தாதி ஒருவர் மருந்துகளைப் பற்றிப் பேசும் அரை மணி நேரம், கடைசியில் வறுத்த கோழியும் வேகவைத்த கீரையும் சோளரொட்டியும் கொண்ட சாப்பாடு. கட்டணம் எதுவும் இல்லை. பெயரைப் பதிவுசெய்யச் சொல்வதும் இல்லை. சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுதக் காரணம், பாதிப் பேர் அதற்காகவே முதல்முறை வந்ததாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான். மனிதரை உள்ளே கொண்டுவர அதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், அமெரிக்க ஓபியாய்டு நெருக்கடியைப் பற்றி நாம் செய்திகளில் வாசித்துப் பழகிய சித்திரம் கலைந்துபோகிறது. அப்பலாச்சிய மலைச் சிற்றூரின் வெள்ளையின இளைஞர் இங்கே இல்லை. அறுபதைத் தாண்டிய கறுப்பின ஆண்கள் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 2020இல் 65 வயதைக் கடந்த கறுப்பின ஆண்கள் போதை மிகையால், அதாவது அளவு மீறிய போதைமருந்தால், இறந்த விகிதம், அதே வயது வெள்ளையின ஆண்களின் விகிதத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பால்டிமோரில் மட்டும் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 பேர் இப்படி இறந்தார்கள் என்பது 2024இல் வெளிவந்த செய்தி. இந்த முதியவர்களில் பலர் 1970களிலும் 1980களிலும் ஹெராயினைத் தொட்டு, அதோடு எப்படியோ வாழ்ந்து மூப்படைந்தவர்கள். அவர்களுடைய பழக்கம் மாறவில்லை. பொட்டலத்துக்குள் இருப்பது மாறிவிட்டது. ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமுள்ள ஃபென்டானில் என்ற செயற்கை ஓபியாய்டு தெருச் சரக்கில் கலந்த பிறகு, நாற்பது ஆண்டு அனுபவத்தால் அறிந்த கைக்கணக்கு ஒரே நாளில் பொய்த்துப்போனது.

இந்தக் கூடத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: வெள்ளையரின் பிள்ளைகள் மாத்திரைக்குப் பலியான காலத்தில் நம் பிள்ளைகளைச் சபைதான் காத்தது. இதை உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பாதி உண்மை இதில் இருக்கிறது. தங்கள் வாழ்வில் சமயம் மிக முக்கியம் என்று சொல்லும் கறுப்பினத்தவர் 75 விழுக்காடு, வெள்ளையர் 49 விழுக்காடு என்று பியூ ஆய்வு மையம் 2014இல் கணக்கெடுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 66,492 செவிலியப் பெண்களையும் 43,141 ஆண் மருத்துவப் பணியாளர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதன் பக்கம் சாய்கிறது. வாரம் ஒருமுறையேனும் வழிபாட்டுக்குச் செல்லும் பெண்கள் போதை, மது, தற்கொலை ஆகியவற்றால் இறக்கும் அபாயம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 68 விழுக்காடு குறைவாகவும், ஆண்களிடையே 33 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. ஆனால் அந்தச் செவிலியரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். எல்லோரும் மருத்துவத் தொழிலில் பயிற்சி பெற்றவர்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துவந்து மேற்கு பால்டிமோரின் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது.

மற்றப் பாதி உண்மை அவ்வளவு இனிமையானதன்று. 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்து வலிநிவாரண மாத்திரைகள் வெள்ளமாகப் பாய்ந்தபோது, கறுப்பினத்தவர் பலர் அந்த வெள்ளத்துக்கு வெளியே நின்றதற்கு ஜெபம் மட்டும் காரணம் அல்ல. வெள்ளையருக்கு எழுதிய அளவுக்கு மருத்துவர் அவர்களுக்கு மாத்திரை எழுதித் தரவில்லை. 1993 முதல் 2005 வரை அவசரப் பிரிவுக்கு வலியோடு வந்தவர்களில் வெள்ளையருக்கு 31 விழுக்காடும் கறுப்பினத்தவருக்கு 23 விழுக்காடும் ஓபியாய்டு கொடுக்கப்பட்டது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான நம்பிக்கை ஒன்றையேனும், கேட்கப்பட்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். வலியை நம்பாத அலட்சியம், மாத்திரையிலிருந்து தற்செயலாகக் காத்தது. அந்தக் காவல் தெருச் சரக்குக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. 2020இல் போதை மிகையால் இறந்தவர்கள் கறுப்பினத்தவரில் லட்சத்துக்கு 36.8 பேர், வெள்ளையரில் 31.6 பேர்; கறுப்பினத்தவரின் விகிதம் அந்த ஆண்டு வெள்ளையருடையதைத் தாண்டியது. அந்த ஆண்டு கொரோனாவால் ஆலயக் கதவுகள் மூடிக்கிடந்ததைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். கறுப்பினத்தவரிடையே இறப்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஏறத் தொடங்கிவிட்டதால், அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தை நான் மதிப்பிட எடுத்துக்கொண்ட உரைகல், எவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறார்கள் என்பதல்ல. ஜெபத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கு இடம் தருகிறார்களா என்பதே. தருகிறார்கள். முதல் வாரமே போதகர் எழுந்து, இன்சுலின் போடுகிற சகோதரியை நாம் விசுவாசம் குறைந்தவள் என்று சொல்வதில்லை என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் தாதி பேசியதுதான் ஆறு வாரங்களில் நான் கேட்ட மிகச் சிறந்த அரை மணி நேரம். இன்னொரு சிகிச்சை மருந்தான மெத்தடோனும் புப்ரெனோர்ஃபினும் இறக்கும் அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன என்பதை விளக்கிவிட்டு, இரண்டுக்கும் ஏன் இரண்டு வரிசைகள் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

அவற்றில் புப்ரெனோர்ஃபின் வரிசையை நான் கடைக்குள்ளிருந்து தினமும் பார்க்கிறேன். 1960களில் தொடங்கிய மெத்தடோன் சிகிச்சை, உரிமம் பெற்ற நிலையத்துக்கு விடியற்காலையில் போய், ஊழியர் கண்ணெதிரே குடித்துவிட்டு வரும் முறையாகவே நெடுங்காலம் இருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு அதுவே ஒரு தண்டனை. 2002இல் அனுமதி பெற்ற புப்ரெனோர்ஃபின், சீட்டு எழுதி வாங்கி வீட்டில் நாக்கின் கீழ் வைத்துக்கொள்ளும் மருந்து. 2012 முதல் 2015 வரை புப்ரெனோர்ஃபினுக்காக மருத்துவரைப் பார்த்த முறைகளில் வெள்ளையருடையவை 1 கோடியே 27 லட்சம்; மற்ற எல்லா இனத்தவருக்கும் சேர்த்து 3 லட்சத்து 63 ஆயிரம்தான். அதை எழுத மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. மருத்துவர்களிடம் இன்னும் தயக்கம் இருப்பதால், எந்தச் சிகிச்சையகம் புதியவரை அதே வாரத்தில் பார்க்கிறது என்ற பட்டியலைத் தாதி கையால் எழுதிக் கொடுக்கிறார். அச்சிட்ட கையேடு எதுவும் அந்தத் தாளுக்கு ஈடாகாது.

குறைகளையும் சொல்லவேண்டும். நான்காம் வாரம் ஒருவர் எழுந்து, மருந்து எதுவும் தொடாமல் கர்த்தர் ஒருவராலேயே விடுபட்டேன் என்று சாட்சி சொன்னபோது, கூடம் முழுவதும் எழுந்து கைதட்டியது. புப்ரெனோர்ஃபின் எடுத்துக்கொள்கிறவர் எழுந்து பேசியபோது மரியாதையான அமைதி நிலவியது, கைதட்டல் இல்லை. போதகரின் ஒரு வாக்கியத்தைவிட இந்த வேறுபாடு ஆழமாகப் பதியும். இதில் ஆபத்தும் இருக்கிறது. பல மாதங்கள் விலகியிருந்த உடல் தன் தாங்குசக்தியை இழந்துவிடுகிறது. தவறி ஒருநாள் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்கள் முதல் இரண்டு வாரங்களில் போதை மிகையால் இறக்கும் அபாயம், பொதுமக்களைவிட 129 மடங்கு என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறையும் ஜெபக்கூடமும் ஒன்றல்ல என்றாலும் தாங்குசக்தியின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். அன்று மாலை அதைச் சொல்ல யாரும் எழவில்லை. நானும் எழவில்லை, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

அடித்தளத்துக்கு இறங்கும் பதினான்கு படிகளுக்கு மாற்றாக மின்தூக்கி இல்லை. வருகிறவர்களின் வயதை எண்ணினால் இது சிறு குறை அன்று. பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாதது காரணமாக இருக்கலாம். இந்தப் பகுதியில் கறுப்பின முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கிறார்கள். பாட்டும் ஜெபமும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதைச் சபையார் யோசித்ததாகத் தெரியவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கறுப்பின, லத்தீனோ சபைகள் நடத்தும் இமானி பிரேக்த்ரூ திட்டத்தோடு ஒப்பிட்டால், இங்கே இன்னொன்றும் குறைகிறது. அங்கே 12 வாரப் பாடம், பின் 10 வாரப் பரஸ்பர ஆதரவு என்று ஒரு வரையறை உண்டு. வீடு, வேலை, உரிமை ஆகியவற்றுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர்களும் உண்டு. இங்கே ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் யார் விசாரிப்பது என்பது அவரவர் நல்ல மனத்தைப் பொறுத்தது.

ஓபியாய்டு மிகையால் அடங்கும் மூச்சை மீட்கும் மருந்தான நலாக்சோனைப் பயன்படுத்தும் பயிற்சிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். 4 மில்லிகிராம் கொண்ட இரண்டு மூக்குத் தெளிப்பான்கள் உள்ள பெட்டி, 2023 முதல் கடைகளில் சீட்டு இல்லாமலேயே கிடைக்கிறது என்றாலும், சுமார் 45 டாலர் கொடுத்து அதை வாங்க இங்கே யாரிடமும் வசதி இல்லை. கூட்டத்தில் அது இலவசம். வேலை செய்கிறதா என்று முன்கூட்டி அழுத்திப் பார்க்கக் கூடாது, ஏனெனில் ஒரு தெளிப்பானில் இருப்பது ஒரே தெளிப்புதான். உடனே அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பாவிட்டால் மற்ற மூக்குத்துளையில் அடுத்ததைத் தெளிக்கவேண்டும். விழித்துக்கொண்டாலும் தனியே விடக் கூடாது, ஏனெனில் 30 முதல் 90 நிமிடங்களில் நலாக்சோனின் வேகம் தணிந்து, உடலில் மிஞ்சியிருக்கும் ஓபியாய்டு மறுபடி மூச்சை அடக்கலாம். இவ்வளவையும் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் பொம்மையை வைத்துச் செய்துகாட்டியதைப் பார்த்தேன். எங்கள் மருந்தகத்தில் கடந்த ஆண்டு நடந்த பயிற்சி இதன் பக்கத்தில்கூட வராது.

கேள்வி கேட்ட முதியவருக்கு, சேர்த்துக்கொள்வார்கள் என்று பதில் சொன்னேன். முதல் சில வாரங்கள் சாட்சி சொல்ல எழவேண்டாம், தாதி பேசும் நேரத்தைத் தவறவிடவேண்டாம், கைத்தடியோடு வருவதால் கால்மணி நேரம் முன்னதாகவே வாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். முன்வாசல் செவ்வாய்க்கிழமைகளில் பூட்டியே இருக்கும். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய பக்கவாசலில் மணியை அடிக்கவேண்டும்.