பி.ஏ. ஆங்கிலமா, பேரிடர் மேலாண்மையா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த ஒருவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், முதல் மூன்றாண்டு ஆங்கிலத்துக்கு. பேரிடர் மேலாண்மை அதற்குப் பிறகு, முதுநிலையில். பேரிடர்ப் படிப்பு மட்டமானது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. நம் நாட்டில் அந்த வேலை யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு, 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். அவருக்குக் கீழே கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று பழைய வருவாய்த் துறை ஏணி அப்படியே நிற்கிறது. துறையின் பெயரே இப்போது வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை. புயல் கரை கடக்கும் இரவில் எந்தத் தெருவைக் காலி செய்வது, எந்தப் பள்ளியைத் திறப்பது, எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று முடிவு செய்பவர்கள் இவர்கள்தாம். இவர்களில் எவரிடமும் பேரிடர் மேலாண்மைப் பட்டம் கேட்கப்படுவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுதி துணை ஆட்சியராக வர, ஏதாவது ஒரு பட்டம் போதும்.

சரி, ஆரஞ்சுச் சீருடையில் படகோட்டி வருகிறார்களே, அந்த வேலைக்காவது இந்தப் பட்டம் உதவுமா? அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் பலர். அந்தப் படைக்கு ஆட்கள் எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற மத்தியப் படைகளிலிருந்து அயற்பணியில் வருகிறார்கள். அங்கே போக விரும்புபவர் முதலில் ஓட வேண்டும், நீந்த வேண்டும், அந்தப் படைகளில் சேர வேண்டும். தீயணைப்புத் துறையும் சீருடைத் தேர்வு, உடற்தகுதி என்று வேறு வழி. சேர்க்கை விளம்பரத்தில் மீட்புப் படகின் படத்தைப் போட்டு ஆள் சேர்க்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இணையத்தில் இந்தப் படிப்பைப் பற்றித் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. அங்கே கதை வேறு. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1983-லேயே இதில் இளநிலைப் பட்டம் தொடங்கிவிட்டது. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), நகராட்சி அளவிலேயே அவசர நிலை மேலாளர் என்ற பதவி உண்டு. பட்டத்துக்கும் பதவிக்கும் நேர்ப் பாதை இருக்கிறது. இங்கே அந்த நாற்காலியில் தாசில்தார் உட்கார்ந்திருக்கிறார். அங்குள்ள அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் இந்தியாவில் பேரிடர்ப் பட்டதாரி எங்கே போகிறார்? தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், மாநில ஆணையங்களுக்குத் திட்டம் தீட்டித் தரும் ஆலோசனைப் பணிகள், ஆய்வு. நல்ல வேலைகள்தாம். ஆனால் பெரும்பாலும் திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் பணியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு அறிவியல் அல்லது பொறியியல் அடித்தளமும் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயமும் கேட்பார்கள். ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ என்று பஸ் நிலையச் சுவரெங்கும் ஒட்டியிருக்கும் ஆறு மாதச் சான்றிதழ் இவற்றில் எதிலும் சேர்த்தியில்லை. வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் படிக்கும் நெபோஷ் தனி; அது பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புச் சான்றிதழ்.

இவ்வளவு சொன்ன பிறகும், பாடத்தின் உள்ளடக்கத்தை வைத்துப் பார்த்தால் பேரிடர் மேலாண்மைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். அது கற்றுத் தருகிற பார்வை வேறு எந்தக் கலைப் பட்டத்திலும் இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். செய்தித்தாள் அதைத் தீ விபத்து என்று எழுதியது. இந்தப் பாடம் படித்தவர் வேறு கேள்விகளோடு தொடங்குவார்: வகுப்பறை மேல் ஓலைக் கூரை வேய அனுமதித்தது யார்? தீ கிளம்பிய சமையலறை அடுப்புக்கும் அந்தக் கூரைக்கும் எவ்வளவு தூரம்? மாடிப்படி எத்தனை, அகலம் என்ன? தீ ஒரு காரணம் மட்டுமே. மீதிக் காரணங்கள் கோப்புகளில் கையெழுத்தாக இருந்தன. ஆபத்து வேறு, அந்த ஆபத்துக்கு ஆளாகும் நிலை வேறு என்ற பிரிப்புதான் இந்தத் துறையின் முதுகெலும்பு.

அதோடு கைக்கு உதவும் கணக்குகளும் உண்டு. நிவாரண முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தங்க 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பவை நிவாரணப் பணிக்கான சர்வதேசக் கையேடான ஸ்ஃபியரின் அளவுகள். நம் ஊர் முகாம் எதிலாவது இரவு தங்கிய பெண்களிடம் கழிப்பறைக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். இவற்றோடு வரைபட மென்பொருள், வானிலை எச்சரிக்கை, நிதி விதிகள் என்று பாடம் விரிகிறது. ஆனால் இளநிலையில் இதைத் தரும் கல்லூரிகள் குறைவு.

பி.ஏ. ஆங்கிலத்துக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. வீட்டுக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியிலேயே பெரும்பாலும் கிடைக்கும், செலவும் குறைவு. சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வொர்த், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, ஒலியியல், திறனாய்வு என்று பாடத்திட்டம் காகிதத்தில் கம்பீரமாக இருக்கும். நடைமுறையில் நோட்ஸ் மனப்பாடம்தான் பல இடங்களில் நடக்கிறது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாயகன் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்தவர், மின்வாரியத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதத் தடுமாறுகிறார். இந்தக் குறையை மறைத்துவிட்டு ஆங்கிலத்தைப் பரிந்துரைப்பது நேர்மை ஆகாது.

வேலை என்று பார்த்தால், பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன் பிறகும் ஒரு போட்டித் தேர்வு என்று பள்ளி ஆசிரியர் பாதை நீளம். கல்லூரிக்கு முதுநிலையோடு நெட், செட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். தனியார் நிறுவனங்களில் உள்ளடக்கம் எழுதுவது, மெய்ப்புத் திருத்துவது, வாடிக்கையாளர் சேவை. எதுவும் தங்கச் சுரங்கம் அல்ல. ஆனால் கதவுகள் பல.

இரண்டு படிப்பும் ஒரே மேசைக்கு வரும் இடம்தான் என் முடிவுக்குக் காரணம். பெரும் புயலோ வெள்ளமோ முடிந்ததும் மாநில அரசு மத்திய அரசுக்குச் சேத விவர மனு அனுப்புகிறது, மத்தியக் குழு வந்து பார்க்கிறது, பிறகு நிதி. அந்த மனு ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆவணம். எத்தனை ஹெக்டேர், எத்தனை கூரை வீடு, எந்த விதியின் கீழ் எவ்வளவு என்பதைத் தெளிவாகவும் மறுக்க முடியாதபடியும் எழுதுபவர் தேவை. தினசரி நிலவர அறிக்கை, தொண்டு நிறுவனத்தின் நிதி விண்ணப்பம், விசாரணை அறிக்கை எல்லாமே இதே ரகம்தான். களத்தில் ஒரு மணி நேர வேலைக்கு மேசையில் பல மணி நேர எழுத்து இருக்கிறது. அதில் தடுமாறுகிற பேரிடர்ப் பட்டதாரி, தரவு சேகரித்துக் கொடுப்பவராகவே நின்றுவிடுவார்.

எழுத்தின் மறுபக்கம் தமிழ். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. எந்தத் தெரு, எத்தனை மணிக்குள், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொன்னால்தான் அவர் கிளம்புவார். இந்த வாக்கியத்தை எழுத நீரியலும் தெரிய வேண்டும், மொழியும் தெரிய வேண்டும். எனவே ஆங்கிலம் எடுப்பவர்கள் கல்லூரியில் முதல் பகுதிப் பாடமாக வரும் தமிழைத் தூக்கி எறியாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி.யிலும் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அங்கே சறுக்கினால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

ஆங்கிலத்துக்குப் பிறகு பேரிடருக்குப் போவது எளிது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஜம்ஷெட்ஜி டாட்டா பேரிடர் ஆய்வுப் பள்ளியில் முதுநிலை இருக்கிறது. நுழைவு க்யூட் எனும் பொது நுழைவுத் தேர்வு வழி. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. எந்தப் பட்டதாரியும் சேரலாம். அதற்கு முன்பே களம் எப்படி என்று தெரிந்துகொள்ள ‘ஆப்த மித்ரா’ தன்னார்வலர் பயிற்சி உண்டு. 18 முதல் 40 வயதினருக்கான 12 நாள் பயிற்சியாக அது நடத்தப்பட்டது; உங்கள் மாவட்டத்தில் இப்போது நடக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். எதிர்த் திசையில், மூன்றாண்டு பேரிடர் படித்துவிட்டுப் பள்ளி ஆங்கில ஆசிரியராகத் திரும்பி வர நேர் வழி கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிளஸ் டூவில் கணிதமோ புவியியலோ கைகொடுத்தவர்கள் இந்தச் சண்டைக்குள்ளேயே வர வேண்டாம். பி.எஸ்சி. புவியியல் அல்லது கட்டடப் பொறியியல் முடித்து, பிறகு பேரிடர் முதுநிலைக்குப் போனால் ஆங்கிலப் பட்டதாரியைவிட ஒரு படி மேலே நிற்பார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் இளநிலையிலேயே பேரிடர் மேலாண்மைதான் என்று பிடிவாதமாக இருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தடுக்க மாட்டேன். பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்? பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் களத்தில் வேலை பார்த்தவர்கள்? எந்த மாவட்ட நிர்வாகத்தோடு அல்லது நிறுவனத்தோடு களப்பயிற்சிக்கு எழுத்துப்பூர்வ ஏற்பாடு இருக்கிறது? பதில் வாய்வார்த்தையாக மட்டும் வந்தால், விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்து அரசுக் கல்லூரிக்கு பஸ் ஏறலாம்.