ஆபீஸ் மெயில் சர்வர் கனெக்ட் ஆகாம கெடந்தப்ப வந்து பாத்த லேமிங்டன் ரோட்டு தம்பி: என் ரிவ்யூ

சொந்தமா ஆபீஸ்லயே மெயில் சர்வர் (மெயில வாங்கி அனுப்புற கம்ப்யூட்டர்) வச்சு ஓட்டுறவங்க மும்பைல இப்ப கம்மி, ஆனா தாராவியில எங்கள மாதிரி லெதர் யூனிட்ல டிசைன் ஃபைல், சாம்பிள் போட்டோன்னு பெருசு பெருசா உள்ளுக்குள்ளயே அனுப்பிக்கிறதால எங்க முதலாளி அத விடமாட்டேங்குறாரு. பிரச்சன என்னன்னா அது மக்கர் பண்ணா பாக்க ஆள் கெடைக்காது. அதுக்குத்தான் இத எழுதுறேன். லேமிங்டன் ரோட்ல (மும்பைல கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்குற தெரு) மாடியில ஒரு சின்ன கடை, மொத்தமே ரெண்டு பேருதான், கடை பேர போட வேணாம்னு அந்த தம்பி சொல்லிட்டாரு, வேணுங்கறவங்க தனியா கேளுங்க நம்பர் தரேன்.

நடந்தது இதுதான். பிராட்பேண்ட் கம்பெனிய மாத்துனோம், புது ரவுட்டர், புது ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் அட்ரஸ்), டொமைன்ல ஏ ரெக்கார்டும் (பேர ஐபியோட சேக்குற வரி) மாத்தியாச்சு, போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலேர்ந்து வர்றத ரவுட்டர் சர்வருக்கு திருப்பி விடுறது) போட்டாச்சு. ஆனா ஆபீஸ்ல அவுட்லுக் தொறந்தா சர்வர் கெடைக்கலங்குது. மொதல்ல வந்த ஆளு சர்வர் மதர்போர்டு போச்சு புதுசு வாங்குங்கன்னு கொட்டேஷனே அனுப்பிட்டாரு. போறப்ப ரெண்டு மூணு கம்ப்யூட்டர்ல மட்டும் சர்வர் பேர எடுத்துட்டு நேரா ஆபீஸுக்குள்ள இருக்குற ஐபிய போட்டு விட்டுட்டு போனாரு, அதுல மெயில் வந்துச்சு, ஆனா சர்வரோட சர்டிபிகேட்ல (அடையாளச் சான்று) இருக்குற பேரும் ஐபியும் ஒத்துப்போகலன்னு ஒவ்வொரு தடவையும் வார்னிங், அந்த லேப்டாப்ப வீட்டுக்கு எடுத்துட்டு போனா சுத்தமா வேல செய்யல. போர்டு செத்த சர்வர் எப்படி மெயில் தருதுன்னு முதலாளி கேட்டதுக்கு அவரு கிட்ட பதில் இல்ல.

இந்த தம்பி வந்ததும் கம்ப்யூட்டர் பக்கமே போகல. "அண்ணாச்சி, உங்க போன்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மெயில் பாருங்க"ன்னாரு. மொபைல் டேட்டால மெயில் டக்குனு வந்துருச்சு. வைஃபை ஆன் பண்ணா நின்னு போச்சு. அப்ப சர்வர் நல்லாத்தான் இருக்கு, வெளியிலேர்ந்து வர்ற வழியும் சரி, உள்ள இருந்து போற வழிதான் கோளாறுன்னு அங்கயே சொல்லிட்டாரு. எனக்கு அந்த எடத்துலயே நம்பிக்கை வந்துருச்சு.

அப்புறம் என்எஸ்லுக்கப் (ஒரு பேருக்கு என்ன ஐபின்னு கேக்குற கமாண்ட்) போட்டு காட்டுனாரு, ஆபீஸுக்குள்ள ஒக்காந்துகிட்டு சர்வர் பேர கேட்டா வெளி ஐபி வருது. சர்வர் பக்கத்து ரூம்ல இருக்கு, ஆனா கம்ப்யூட்டர் ரவுட்டரோட வெளி அட்ரஸுக்கு போய் அங்கேர்ந்து திரும்பி உள்ள வர பாக்குது, அப்படி திருப்பி விடுற வசதிக்கு ஹேர்பின் நேட்னு பேராம், பழைய ரவுட்டர்ல அது இருந்துருக்கு, புதுசுல இல்ல. அடுத்து கருப்பு விண்டோவுல டெல்நெட் (கனெக்ட் ஆகுதான்னு பாக்குற கமாண்ட்) போட்டு சர்வரோட உள் ஐபி 192.168.1.10, மெயில் எடுக்குற போர்ட் 143 அடிச்சாரு, உடனே ஓகேன்னு ஒரு வரி வந்துச்சு. அதையே வெளி ஐபிக்கு அடிச்சா கர்சர் மட்டும் மினுக்கிட்டு இருந்து கடைசில டைம்டு அவுட். கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வந்தா பெரும்பாலும் மிஷின் வரைக்கும் போயாச்சு, அந்த போர்ட்ல சர்வீஸ் ஓடலன்னு அர்த்தம், பதிலே வரலன்னா ஃபயர்வாலோ வழியோ பாக்கணும்னாரு. இத தெரிஞ்சு வச்சுக்கோங்க, பாதி வேல மிச்சம். டெல்நெட் விண்டோஸ்ல தானா இருக்காது, ஃபீச்சர்ஸ்ல போய் ஆன் பண்ணனும், இல்லாட்டி பவர்ஷெல்லுல டெஸ்ட்-நெட்கனெக்ஷன் இருக்கு.

புது ரவுட்டர்ல லோக்கல் டிஎன்எஸ் (ஆபீஸுக்குள்ள பேர கேட்டா ஐபிய சொல்றது) போட எடமே இல்ல. அதனால ஒரு சின்ன மைக்ரோடிக் ரவுட்டர் வச்சு, ஆபீஸுக்குள்ள சர்வர் பேர கேட்டா 192.168.1.10னு சொல்ற மாதிரி ஸ்டாட்டிக் என்ட்ரி போட்டாரு, வெளியில கேட்டா பழையபடி வெளி ஐபிதான் வரும். ஐபி போட்ட கம்ப்யூட்டர்லயெல்லாம் திரும்ப பேர போட்டாரு, சர்டிபிகேட் வார்னிங்கும் ஓடிப்போச்சு.

ஆனா அக்கவுண்ட்ஸ் அக்கா கம்ப்யூட்டர் மட்டும் அடம். டிஎன்எஸ் ஃப்ளஷ் (கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சிருந்த பழைய ஐபிய அழிக்கிறது) பண்ணாரு, ஆகல. கம்ப்யூட்டர்லயே பேருக்கு ஐபி எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல தொறந்தா எந்த காலத்துலயோ எவரோ எழுதி வச்ச 192.168.0.10 கடைசி வரியில ஒக்காந்துருக்கு, பழைய ரவுட்டர் காலத்து அட்ரஸ். அந்த வரிய அழிச்சதும் மெயில் கொட்டுச்சு. அதோட விடாம ஜெராக்ஸ் மிஷின்ல ஸ்கேன்-டூ-மெயில் செட்டிங்க தொறந்து பாத்தாரு, அதுலயும் அதே பழைய ஐபி, நாங்க யாரும் அத கேக்கவே இல்ல.

வெளியாளுக்கு போற மெயில் க்யூல தேங்கி நிக்கிறதயும் அவருதான் கண்டுபிடிச்சாரு. சர்வர்லேர்ந்து சர்வருக்கு மெயில் போற போர்ட் 25, புது கனெக்ஷன்ல வெளிய போறது பிளாக். ஸ்பேம் தடுக்க பல கம்பெனிங்க அப்படித்தான் வச்சிருக்காங்க, தப்புன்னு சொல்ல முடியாது. ரிலே சர்வீஸ் (நம்ம மெயில வாங்கி வெளிய அனுப்பி விடுறது) ஒண்ணு எடுத்து போர்ட் 587 வழியா திருப்பி விட்டாரு, ரிலேக்கு வருஷ கட்டணம் தனி.

இப்ப கொற. காலைலன்னு சொல்லிட்டு சாயங்காலம் வந்தாரு, மழையில மாஹிம் வரைக்கும் லோக்கல் ட்ரெயின் நின்னு நின்னு வந்துச்சுன்னாரு, சரி, ஒரு போனாவது பண்ணிருக்கலாம்ல. பில்லு கேட்டு வாங்கணும். மைக்ரோடிக் பாஸ்வேர்ட எழுதித் தராம போய்ட்டாரு, வாட்ஸாப்ல தொரத்தி வாங்குனேன், இது சின்ன விஷயம் இல்ல, நாளைக்கு அவரு ஊருக்கு போய்ட்டா நாங்க என்ன பண்றது. அப்புறம் ஆண்ட்ராய்டு போன்ல பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங்ல வெளி டிஎன்எஸ் சர்வர் பேரு போட்டு வச்சிருக்கவங்களுக்கு வைஃபைல இன்னமும் மெயில் வராது, அது லோக்கல் டிஎன்எஸ்ஸ கேக்காது, ஆஃப் பண்ணனும். கெஸ்ட் வைஃபைல இருந்தாலும் வராது, அது வேணும்னே பிரிச்சு வச்சது.

விசிட் சார்ஜ் கொஞ்சம் தூக்கல்தான், ஆனா மொத ஆளு குடுத்த கொட்டேஷன் பக்கத்துல வச்சா ஒண்ணுமே இல்ல. வெறும் பிரிண்டர், வைரஸ் வேலைக்கு இவர கூப்பிடாதீங்க, அதுக்கு தாராவி 90 அடி ரோட்லயே ஆள் இருக்கு. அஞ்சுக்கு நாலு.