காயலில் ஏறிய ஏட்டையா

இந்த முறை ஊருக்குப் போனதில் மனதில் நிற்கிற ஆள் ஒரு ஏட்டையா. கல்யாண வீடு, பேங்க் வேலை, பத்திர ஆபீஸ் எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தன. அவற்றை விடுகிறேன். குமரி மாவட்டத்துக் காயல் ஒன்றில் படகுச் சவாரிக்குப் போன சாயங்காலத்தைப் பற்றி மட்டும் எழுதியே ஆகவேண்டும்.

நம் காலத்தில் வள்ளக்காரரிடம் கெஞ்சி ஏறிக்கொள்வோம், கரையில் அம்மா நின்று கத்துவாள். இப்போது டிக்கெட் கவுண்டர், கூரை போட்ட மோட்டார் படகு, காதைக் கிழிக்கும் பாட்டு. அத்தை, மைனி, மைனியின் பிள்ளைகள், நான். பெஞ்சு நிறைந்த பிறகும் ஆள் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். ஓட்டுகிறவர் கூரைக்கடியில் கட்டிப்போட்டிருந்த ஆரஞ்சு மூட்டையைக் காட்டி, "அன்னா கெடக்குல்லா சார். இடுப்பளவு வெள்ளந்தான், பயராதிங்கோ" என்றார்.

கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் ஏட்டையாவும் ஒரு பெண் காவலரும் துறையிலிருந்து நேரே படகுக்குள் கால் வைத்தார்கள். யாரையும் எழும்பவிடாமல், வரிசை வரிசையாகத் தலை எண்ணினார் ஏட்டையா. படகின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருந்த ஆள் கணக்கைப் பார்த்தார். மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். பாதி ஜாக்கெட்டில் மாட்டுகிற கொக்கியே இல்லை. சின்ன அளவு ஒன்றுகூடக் கிடையாது. மைனியின் இளைய பிள்ளைக்கு மாட்டிப் பார்த்தபோது அது தலைவழியே கழன்று வந்துவிட்டது.

எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் படகிலிருந்த பெரிய மனிதர் ஒருவருக்குக் கோபம் வந்தது போலீஸ்மேல். "காசு குடுத்து ஏறின போட்டு இது. வாரண்ட் இருக்கா? நாங்க என்ன கள்ளக்கடத்தலா பண்ணுதோம்?" கூட இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். ஏட்டையா குரலை உயர்த்தவில்லை. "தானூர்ல நடந்தது தெரியும்லா?" என்றார். படகு அடங்கிவிட்டது.

கேரளத்துத் தானூரில் 2023 மே 7. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு, அளவுக்கு மேல் ஆள், இருட்டிய பிறகும் ஓட்டம். கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று கவிழ்ந்த படகிலும் 22 பேர். தேக்கடியில் 2009 செப்டம்பரில் 45 பேர். இந்தப் படகுகளில் யாராவது முன்னாடியே ஏறித் தலை எண்ணியிருக்கக் கூடாதா என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நான் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோவில் அந்தப் பெரியவர் கேட்ட வாரண்ட் கேள்வியே எழாது. ஏரியில் போலீஸ் படகு பக்கத்தில் வந்து கைகாட்டினால் எஞ்சினை நிறுத்தவேண்டியதுதான். சந்தேகம், வாரண்ட் எதுவும் இல்லாமலே ஏறிப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஓட்டுகிறவரின் அட்டை, ஆளுக்கொரு சரியான அளவு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு எல்லாம் கேட்பார்கள். படுக்கை அறை உள்ள படகானால் அந்த அறைக்குள் நுழைய மட்டும் சம்மதமோ வாரண்டோ வேண்டும். நியாயமான கோடு அது. பாதுகாப்பைப் பார்க்க ஏறலாம், பெட்டியைக் குடைய முடியாது. நம் ஏட்டையாவும் ஒருவர் பையையும் தொடவில்லை. அந்தப் பெரியவர் அதையாவது கவனித்திருக்கலாம்.

கூடுதலாக இருந்தவர்களை இறக்கிவிட்டு, ஓட்டுகிறவரை எச்சரித்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். எழுதி வாங்கவில்லை, அபராதம் இல்லை, படகைக் கரையில் நிறுத்தவும் இல்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது. வளைவு தாண்டியதும் இன்னொரு துறையில் படகை ஒதுக்கினார்கள். இறக்கிவிட்ட அதே ஆட்கள் ஆட்டோவில் வந்து காத்திருந்தார்கள். "கொக்கியில்லாத ஜாக்கெட்ட வச்சுக்கிட்டு மறுபடியும் ஏத்துதியளா?" என்று மைனி சண்டை பிடித்தாள். "அவியளுக்குக் கணக்கு முடிஞ்சு போச்சு, ஒங்களுக்கென்ன?" என்று பதில். அத்தையைக் கைத்தாங்கலாக இறக்கி, பிள்ளைகளோடு அங்கேயே இறங்கிவிட்டோம். டிக்கெட் காசு போனது போனதுதான்.

எஞ்சின் வைத்த உள்நாட்டுப் படகுகளுக்கு நம் நாட்டில் 2021-ல் புதுச் சட்டமே வந்திருக்கிறது. பதிவு, சர்வே சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஏட்டையா அந்தச் சான்றைக் கேட்டு வாங்கி, சரியில்லாத படகின் கயிற்றைத் துறையிலேயே கட்டிவைத்திருந்தால் வளைவுக்கு அப்பால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது. தலையை எண்ணிவிட்டுப் போவது பாதி வேலை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போய், படகின் எண், மைனி போனில் எடுத்த படம், இரண்டாவது துறை இருக்கும் இடம் எல்லாம் எழுதி மனு கொடுத்தேன். ஏட்டையா அன்று பணியில் இல்லை. ரைட்டர் முதலில் "பாத்துக்கிடுதோம் சார், நீங்க போங்க" என்றார். ரசீது இல்லாமல் எழும்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் தாண்டி சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது போட்டுத் தந்தார்கள். அதை மைனியிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வாரா வாரம் அவள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்கிறாள்.