டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிம வகுப்பு: சேரலாமா?

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் உரிமம் இல்லாமலே பலர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் இந்த வகுப்பில் சேருங்கள் என்பேன். பயிற்சியாளர் அதிக நேரம் பேசியது மதுவைப் பற்றித்தான். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்க விற்கும் மதுவில் வரும் இடம் என்றால் வாசலில் பெரிய சிவப்பு எழுத்தில் 51% என்று இருக்கும். நீங்கள் ஒரு சொட்டு குடிக்காவிட்டாலும் துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. “குடிக்கப் போகிறீர்களா, துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள்” என்று கறாராகச் சொன்னார். அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது. அப்புறம், விசையை முழுக்க மூடும் கெட்டியான உறையைக் கையில் கொடுத்தே விளக்கினார். சுடும் தேர்வில் 50 குண்டுகள். 3, 7, 15 கஜ தூரம். உறையிலிருந்து உருவிப் பழக மட்டும் நேரம் தரவில்லை; அதற்குத் தனி வகுப்பில் சேரப் போகிறேன்.